அப்பன் தாங்கும் வெயிலைப் பிள்ளை ஏன் தாங்கவில்லை?

என் சித்தப்பா கேட்ட ஒரு கேள்வி ரொம்ப நாளாக மனசை விட்டுப் போகாமல் கிடக்கிறது. அவருக்குக் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம். மேலே பலாவும் கல்யாண முருங்கையும் சில்வர் ஓக்கும், அடியில் அரபிகா, ஊடே மலைவாழையும் மிளகுக்கொடியும் என்று அந்தப் பக்கத்தில் எங்கும் பார்க்கிற தோட்டம்தான். சில வருடங்களாகக் கீழ்க்காட்டில் அரபிகாவைப் பிடுங்கிவிட்டு ரொபஸ்டா வைத்துக்கொண்டு வருகிறார். வெயில் ஏறிவிட்டது, பூ சரியாக நிற்பதில்லை, தண்டைத் துளைக்கும் போரர் வண்டு உள்ளே புகுந்துவிடுகிறது, ரொபஸ்டாவில் இந்தத் தொல்லை குறைவு என்பது அவர் கணக்கு. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற உரிமையில் நான் ஒரு தகவலைச் சொன்னேன். "சித்தப்பா, நீங்க பிடுங்குற அரபிகாவுக்கு இந்த ரொபஸ்டாதான் அப்பன். ரெண்டு இனம் கலந்து, ரெண்டோட குரோமோசோமும் முழுசா சேர்ந்து பிறந்த செடி அது." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப ரெண்டு வீட்டுச் சொத்தும் கையில இருக்கிற புள்ளைன்னு சொல்லு. அப்பன் தாங்குற வெயில அது தாங்கணுமேப்பா, ஏன் தாங்கல?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் நான் வகுப்பில் சொல்வதும் ஏறத்தாழ இதைத்தான். இரண்டு குரோமோசோம் தொகுதிக்குப் பதில் நான்கு, ஆறு, எட்டு என்று சுமக்கும் பன்மடியத் தாவரங்கள், தம் பெற்றோர் இனங்களைவிடக் கடுமையான சூழலைத் தாங்கும் என்பது தாவரவியல் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. ஆதாரமில்லாமல் சொன்னதும் இல்லை. ஆர்க்டிக் பகுதிக்குள் வடக்கே போகப் போகப் பன்மடியங்களின் விகிதம் கூடிக்கொண்டே போகிறது. டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தை ஒட்டி, பல தாவரக் குடும்பங்களின் முன்னோர்களில் மரபணுத் தொகுதி முழுவதுமாக இரட்டித்திருக்கிறது என்று பெல்ஜியத்தில் ஈவ் வான் டி பேரின் குழு 2009இல் எழுதியது. நாம் சப்பாத்திக்கு அரைக்கும் கோதுமையையே எடுத்துக்கொள்ளலாம். 28 குரோமோசோம் கொண்ட பழைய கோதுமையோடு 14 குரோமோசோம் கொண்ட ஒரு காட்டுப் புல் சேர்ந்து 42 ஆனது அது. சோடியத்தை இலைக்குள் ஏறவிடாமல் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் குணம் அந்தப் புல்லின் குரோமோசோமோடு வந்தது. அதனால் 28 குரோமோசோம் டியூரம் கோதுமையைவிட இது உப்பு மண்ணில் நன்றாக நிற்கிறது.

இத்தனையும் உண்மை. ஆனால் கீழ்க்காட்டில் நான்மடியமான அரபிகா காய்கிறது, இருமடியமான ரொபஸ்டா நிற்கிறது. அதுவும் உண்மை. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்று தேடிப் போனதில்தான் பாடப்புத்தக வரியின் மீது எனக்கு இருந்த நம்பிக்கை வேறு மாதிரி ஆனது.

ஒரே முறை நடந்த கலப்பு

அரபிகாவின் பிறப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தாய் இனம் காஃபியா யூஜினியாய்டிஸ். உகாண்டா, கென்யா, ருவாண்டா, தான்சானியா பக்கத்து மேட்டுநிலக் காடுகளில் வளரும் சிறு இலைச் செடி. குளிர்ச்சியை விரும்பும், காஃபின் மிகக் குறைவு, காயும் குறைவு. தகப்பன் இனம் காஃபியா கானிஃபோரா, நாம் ரொபஸ்டா என்று அழைப்பது. கினியிலிருந்து காங்கோ காடுகள் வழியாக உகாண்டா வரை ஆப்பிரிக்காவின் சூடான, ஈரமான பகுதிகளில் பரந்து கிடக்கும் மரம். எது தாய் என்பது, இலைக்குப் பச்சை நிறம் தருவதும் தனக்கென மரபணு கொண்டதுமான பசுங்கணிகத்திலிருந்து தெரிகிறது. அது தாய்வழியாக மட்டுமே வருகிறது, அரபிகாவின் பசுங்கணிகம் யூஜினியாய்டிஸோடு ஒத்துப்போகிறது. இரண்டுக்கும் 22 குரோமோசோம்கள். சாதாரணமாக இப்படிப்பட்ட கலப்பில் பிறக்கும் செடி மலடாகத்தான் இருக்கும், ஏனென்றால் மகரந்தமும் சூலும் உருவாகும்போது தாயின் குரோமோசோமுக்குத் தகப்பனிடம் சரியான ஜோடி இருக்காது. குரோமோசோம் பாதியாகக் குறையாமலே இனப்பெருக்கச் செல் உருவாகும் அபூர்வத் தவறு ஒன்று நடந்து, எல்லாம் இரட்டித்தால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்துவிடும். அப்படி 44 குரோமோசோமோடு பிறந்ததுதான் அரபிகா. 2024இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு ஒன்று இது 3.5 லட்சம் முதல் 6.1 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்கும் என்கிறது. இன்னும் மிக அண்மைக் காலத்தில் வைக்கும் கணக்குகளும் உண்டு. ஆனால் இது ஒரே ஒரு முறை நடந்த கலப்பு என்பதையே மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. உலகில் இன்றைக்கு இருக்கும் அரபிகாச் செடி ஒவ்வொன்றும் அந்த ஒற்றைப் பிறப்பின் வழி வந்தது.

அதற்குப் பிறகும் வழி குறுகிக்கொண்டேதான் போனது. அரபிகா தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும், அதனால் புதுக் கலப்பு குறைவு. தென்மேற்கு எத்தியோப்பியக் காடுகளிலிருந்து கொஞ்சம் விதை ஏமனுக்குப் போனது. ஏமனிலிருந்து மலபார் கரைக்கு, அங்கிருந்து 1690களில் டச்சுக்காரர்கள் கையில் ஜாவாவுக்கு, 1706இல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்கு, 1714இல் அங்கிருந்து பிரெஞ்சு அரசருக்குப் பரிசாக, 1723இல் கரீபியனின் மார்டினிக் தீவுக்கு. டிபிகா என்ற வகை அமெரிக்கக் கண்டம் முழுக்கப் பரவிய பாதை இது. போர்போன் வகை இன்னொரு பாதையில், 1715இல் ஏமனிலிருந்து இன்றைய ரீயூனியன் தீவுக்குப் போனது. ஒவ்வொரு கப்பலிலும் ஏறியது சில செடிகள் அல்லது ஒரு கை விதை. கண்டங்களை நிறைத்த தோட்டங்கள் அந்தக் கை விதையின் பேரப்பிள்ளைகள்.

இதன் விலையை நம் மக்கள் கொடுத்திருக்கிறார்கள். இலங்கை மலையகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாக நடத்திச் செல்லப்பட்டவர்கள் முதலில் போனது தேயிலைக்கு இல்லை, காப்பிக்கு. 1869இல் அங்கே இலைத் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி மாதிரி படரும் பூஞ்சை. இலை உதிர்ந்து, அடுத்த பருவத்தில் செடி வெறும் குச்சியாக நிற்கும். மலை மலையாக நின்றது ஒரே மாதிரி அரபிகா. பூஞ்சைக்கு ஒரு செடியின் பூட்டு திறந்தால் எல்லாச் செடியும் திறந்த மாதிரி. இருபது வருடத்துக்குள் இலங்கையின் காப்பித் தொழில் ஏறத்தாழ முடிந்துபோய், தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பன்மடியத்தின் வலிமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் சம்பவத்தை ஏன் பக்கத்தில் வைத்துப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே புரிவதில்லை.

வளர்ப்பறையில் ஜெயித்த செடி

சரி, அரபிகா பலவீனமான செடி என்று முடித்துவிடலாமா என்றால் அதுவும் முடியவில்லை. 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர் பெனுவா பெர்த்ரானும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஒரு சோதனை சித்தப்பாவின் கேள்வியை அப்படியே எடுத்துக் கையாண்டது போல இருந்தது. அரபிகா, கானிஃபோரா, யூஜினியாய்டிஸ் மூன்றையும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய அறைகளில் வைத்து, நான்கு விதமான தட்பவெப்பத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். பகலில் 18, இரவில் 14 டிகிரி என்ற குளிரில் தொடங்கி, 23–19, 28–24 என்று ஏற்றி, பகலில் 33, இரவில் 29 என்ற கொதிப்பு வரை.

முடிவு ஆச்சரியமானது. மிகச் சூடான அறையில் அரபிகா தகப்பனுக்குச் சமமாக வளர்ந்தது. மிகக் குளிர்ந்த அறையில் தாய்க்குச் சமமாக வளர்ந்தது. குளிரில் செடியைக் காக்கும் சுக்ரோஸ், ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளைத் தாய் தகப்பன் இருவரையும்விட அதிகமாகச் சேர்த்துவைத்தது. ஜீன்களின் செயல்பாட்டைப் பார்த்தபோது, வெப்பம் ஏறும்போதும் இறங்கும்போதும் பெற்றோர் செடிகளில் ஏற்பட்ட அளவு தடுமாற்றம் அரபிகாவில் இல்லை. பெற்றோருக்கு ஒவ்வாத சூழலிலும் நிதானம் இழக்காமல் நின்றது. பாடப்புத்தகம் சொல்வது அட்சரம் பிசகாமல் நடந்திருக்கிறது.

இந்தச் சோதனையைப் படித்த பிறகு என் குழப்பம் குறையவில்லை, கூடியது. 33 டிகிரியில் அறைக்குள் தகப்பனுக்கு ஈடுகொடுத்த செடி மலைச்சரிவில் ஏன் தோற்கிறது? ஒரு பகுதி விடை நேரானது. அங்கே அளந்தது இளஞ்செடியின் இலையையும் வளர்ச்சியையும். தோட்டக்காரருக்கு வேண்டியது இலை இல்லை, பூவும் பழமும். மாசி பங்குனியில் மொட்டு வறண்டு கிடந்து, கோடை மழை ஒன்று விழுந்ததும் மலை முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகப் பூப்பதுதான் காப்பியின் வழக்கம். அந்தச் சமயத்தில் வெப்பம் மிஞ்சினால் அரபிகாவின் பூக்கள் சரியாக விரியாமல் பச்சையாகக் குட்டையாக நட்சத்திரம் போல நின்றுவிடும், அவை காய்ப்பதில்லை. காய்த்த பழமும் சூட்டில் அவசரமாகப் பழுத்துச் சுவை இறங்கும். கடையில் பிளாண்டேஷன் ஏ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த அரபிகாக் கொட்டையின் மணம் மெதுவாகப் பழுப்பதில்தான் இருக்கிறது. அப்புறம், வளர்ப்பறைக்குள் துருப் பூஞ்சையும் இல்லை, போரர் வண்டும் இல்லை. வெயில் நேரடியாகச் செடியைக் கொல்வது குறைவு. இரவுக் குளிர் குறையக் குறையத் துரு இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. நிழல் குறைந்து தண்டில் வெயில் படப் படப் போரர் அங்கே வந்து முட்டை வைக்கிறது. சூழல் மாற்றம் என்று நாம் சொல்வது வெப்பமானியின் எண் மட்டும் இல்லை. எதிரிகளும் சேர்ந்து மாறுகிறார்கள், அதுவும் வேகமாக.

அந்தத் தகப்பன் இந்த ரொபஸ்டா இல்லை

ஆனாலும் இந்த விடை எனக்குப் போதவில்லை. பூ, பூச்சி, பூஞ்சை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்று இருப்பதாகப் பட்டது. ரொபஸ்டாவைப் பற்றித் தனியாகப் படித்துக்கொண்டிருந்தபோது, ஏற்கெனவே தெரிந்த ஒரு சாதாரண விஷயம் வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. ரொபஸ்டா தன் மகரந்தத்தால் தான் காய்க்காது. இன்னொரு மரத்தின் மகரந்தம் காற்றிலோ தேனீயிலோ வந்தால்தான் காய் பிடிக்கும். ஆகவே விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு ரொபஸ்டாவும் இரண்டு வெவ்வேறு மரங்களின் புதுக் கலவை. ஆப்பிரிக்காவின் மேற்கிலிருந்து நடுப்பகுதி வரை பரந்த காடுகளில், பல லட்சம் ஆண்டுகளாக, இந்தக் கலவை ஒவ்வொரு தலைமுறையிலும் நிற்காமல் நடந்துவந்திருக்கிறது. வறட்சி வந்தபோது வறட்சியைத் தாங்கிய மரங்களின் விதை பெருகியது, துரு வந்தபோது துருவைத் தாங்கியவற்றின் விதை பெருகியது.

அரபிகாவுக்குத் தகப்பனாக இருந்தது கானிஃபோரா என்ற இனம் இல்லை. அந்த இனத்தின் ஒரே ஒரு மரம். அந்த மரத்தில் இருந்த ஜீன்கள் எவையோ அவை மட்டும்தான் அரபிகாவுக்குள் வந்தன. துருவைத் தாங்கும் ஜீன் பக்கத்து மரத்தில் இருந்திருந்தால் அது வரவில்லை. பிறந்த அன்றே குரோமோசோம் எண்ணிக்கை மாறிவிட்டதால் தகப்பன் இனத்தோடு திரும்பச் சேர்வதும் ஏறத்தாழ முடியாமல் போனது. நான்மடியமும் இருமடியமும் கலந்தால் பிறப்பது மும்மடியம், அது பெரும்பாலும் மலடு. கதவு சாத்தப்பட்ட பின், வெளியே தகப்பன் இனம் லட்சக்கணக்கான ஆண்டுகள் மாறிக்கொண்டே இருந்தது. சித்தப்பா கீழ்க்காட்டில் நடும் ரொபஸ்டா, அரபிகாவுக்கு மகரந்தம் தந்த அந்த மரம் இல்லை. அந்தப் பரந்த, நிற்காத கூட்டத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது.

பன்மடியத்தைப் பெற்றோரோடு ஒப்பிடுகிறோம் என்று எழுதும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் கால் இடறுகிறது என்று இப்போது நினைக்கிறேன். பெற்றோர் இனம் என்று நாம் இன்று கையில் எடுத்து அளப்பது பெற்றோரை இல்லை. பெற்றோர் இறந்து எத்தனையோ லட்சம் ஆண்டுகள் ஆயிற்று. ஒப்பிடுவது, அதே முன்னோரிடமிருந்து பிரிந்து தன் பாட்டுக்கு மாறிவந்த உறவுக்காரரோடு. வளர்ப்பறைச் சோதனை ஒரு செடி தன் வாழ்நாளுக்குள் ஏற்ற இறக்கத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று அளந்தது. அதில் அரபிகா ஜெயித்தது, அது இரட்டித்த மரபணுத் தொகுதியின் உண்மையான பலம். மலைச்சரிவு அளப்பது ஓர் இனம் தலைமுறை தலைமுறையாக எவ்வளவு மாற முடிகிறது என்பதை. இரண்டுக்கும் தகவமைப்பு என்றே பெயர் சொல்கிறோம். நகல்கள் நிறைய இருப்பது முதலாவதற்கு உதவுகிறது. இரண்டாவதற்கு வேண்டியது வேறுபாடு. ஒரே ஜீனின் நான்கு நகல், நான்கு விதமான ஜீன் ஆகாது.

ரொபஸ்டாவை வீரனாக்கவும் நான் தயாரில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் நூற்றுக்கணக்கான ரொபஸ்டாத் தோட்டங்களின் விளைச்சலை வெப்பத்தோடு ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வு, நாம் நினைத்திருந்ததைவிடக் குளிர்ந்த இடமே அதற்கு ஏற்றது என்றது. குறைந்தபட்சம் 16.2, அதிகபட்சம் 24.1 டிகிரி என்ற சராசரியைத் தாண்டி ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் விளைச்சல் ஏறத்தாழ 14 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டது. வேர் மேலாக ஓடுவதால் வறட்சியும் அதற்கு ஆகாது. இந்தியாவில் விளையும் காப்பியில் இன்று சுமார் 70 சதவீதம் ரொபஸ்டா. அதை நம்பி மலையை மாற்றுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நகல்கள் மறைக்கும்போது

நகல்கள் உதவாதது மட்டும் இல்லை, சில இடங்களில் மாற்றத்துக்கு அவையே தடை. இதற்குக் கோதுமையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சாம்பல் நோய் பூஞ்சைக்கு வழிவிடும் ஒரு ஜீன் பார்லியிலும் கோதுமையிலும் உண்டு. பார்லி இருமடியம். அந்த ஜீன் கெட்டுப்போன செடிகளுக்கு நோய் பிடிப்பதில்லை. எத்தியோப்பிய நாட்டுப் பார்லி ரகங்களில் இயற்கையாகவே அப்படி நடந்து, விவசாயிகளின் கையிலேயே அது தங்கியிருக்கிறது. ரொட்டிக் கோதுமை அறுமடியம். அதே ஜீன் அதற்குள் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் ஈடுசெய்துவிடும், நோயும் வழக்கம்போல வரும். நல்ல மாற்றம் நடந்திருந்தாலும் அது வெளியே தெரியாது, தெரியாததை இயற்கையும் விவசாயியும் தேர்ந்தெடுக்க முடியாது. மூன்றும் ஒரே செடியில் கெட வேண்டும். 2014இல் சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மரபணுத் திருத்தம் செய்து மூன்றையும் ஒன்றாக முடக்கிய பிறகுதான் கோதுமைக்கு அந்த எதிர்ப்பு கிடைத்தது.

கெட்ட மாற்றத்தை மறைத்துச் செடியைக் காப்பாற்றும் அதே நகல், நல்ல மாற்றத்தையும் மறைத்துவிடுகிறது. அமைதியான காலத்தில் இது பாதுகாப்பு. வெயிலும் நோயும் ஒரு மனித ஆயுளுக்குள் இத்தனை வேகமாக மாறும் காலத்தில் இது எவ்வளவு பெரிய சுமை என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எத்தனை முறை பிறந்தது?

அப்படியானால் பன்மடியங்களின் விதி பிறந்த விதத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறதா? பெரும்பாலும் ஆம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் என்னைத் தயங்கவைக்கும் ஒரு புல் உண்டு. வட அமெரிக்காவின் ஸ்பார்டினா புல் ஒன்று கப்பல்களோடு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைக்கு வந்து, அங்கிருந்த ஐரோப்பிய ஸ்பார்டினாவோடு கலந்தது. 1870இல் அந்தக் கலப்புச் செடியைப் பார்த்துப் பதிவுசெய்தார்கள்; அது மலடு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் குரோமோசோம் இரட்டித்து, விதை வைக்கும் ஸ்பார்டினா ஆங்கிலிக்கா வந்துவிட்டது. பெற்றோர் இரண்டும் கால் வைக்க முடியாத, அலை மணிக்கணக்கில் மூடும் சேற்றில் அது இறங்கி வளர்ந்தது. மரபு வேறுபாடு என்று சொல்ல அதனிடம் அநேகமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் பிரிட்டன் கடற்கரைகளில் பரவியது, கரையைக் கட்ட நடப்பட்ட சீனாவிலும் நியூசிலாந்திலும் கூடப் பரவியது. என் வாதத்துக்கு எதிரான சாட்சி இது, மறைக்க மாட்டேன். அதே புல் தென் இங்கிலாந்தில், தான் பிறந்த பகுதியிலேயே, 1920களிலிருந்து பெரும் பரப்புகளில் அழுகி மடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புது இடத்தைப் பிடிக்க இரட்டிப்பு போதுமாக இருந்தது, பிடித்த இடத்தில் நிலைப்பதற்கு அது உத்தரவாதம் தரவில்லை.

இதற்கு மறுபக்கம் டிராகோபோகன் என்ற காட்டுப் பூச்செடி. ஐரோப்பாவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களின் எல்லைப்புறத்துக்கு மூன்று டிராகோபோகன் இனங்கள் வந்து சேர்ந்தன. அவை ஒன்றோடொன்று கலந்து இரண்டு புது நான்மடிய இனங்கள் உருவானதை 1950இல் மேரியன் ஓன்பி விவரித்தார். அப்புறம் தாவரவியலாளர்கள் பமேலா சோல்டிஸும் டக்ளஸ் சோல்டிஸும் பல பத்தாண்டுகளாக இவற்றைத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். இந்த இனங்கள் ஒரு முறை பிறக்கவில்லை. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு பெற்றோர்ச் செடிகளிலிருந்து, பல முறை தனித்தனியாகப் பிறந்தன. ஒரே கலப்பில் ஓரிடத்தில் ஓர் இனம் தாயாக இருந்தது, இன்னோரிடத்தில் அதே இனம் தகப்பனாக இருந்தது. ஒவ்வொரு பிறப்பும் பெற்றோர் கூட்டத்திலிருந்து வேறொரு பங்கை எடுத்துவந்திருக்கிறது. பெற்றோரின் வேறுபாட்டில் அதிகப் பங்கைப் பன்மடியத்துக்குள் கொண்டுவர இயற்கைக்கு இருக்கும் வழி இதுதான்.

இரட்டிப்பு எவ்வளவு தருகிறது, பிறகு நடக்கும் தேர்வு எவ்வளவு தருகிறது என்பதை எண்ணாகவே காட்டிய சோதனை ஒன்றும் உண்டு. கலிபோர்னியக் கடற்கரையின் மணல் மேடுகளில் அக்கிலியா என்ற செடியின் அறுமடிய வகை வளர்கிறது. நான்மடிய வகை பக்கத்துப் புல்வெளிகளில். ஜஸ்டின் ராம்சே இரண்டையும் மணல் மேட்டில் நட்டார். கூடவே, நான்மடியப் பெற்றோருக்கு அண்மையில் பிறந்த புத்தம் புது அறுமடியங்களையும் நட்டார். 2011இல் வந்த முடிவு: மணலிலேயே பழகிய அறுமடியம், நான்மடியத்தைவிட ஐந்து மடங்கு பிழைத்தது. புதுப் பிறப்பான அறுமடியம் 70 சதவீதம் கூடுதலாகப் பிழைத்தது. பிறந்த கணமே ஒரு பங்கு பலம் வந்துவிடுகிறது, அது மந்திரம் போலத்தான் இருக்கிறது. மீதியைத் தலைமுறைகளும் வேறுபாடும் தேர்வும் சேர்ந்துதான் கட்டியிருக்க வேண்டும். அரபிகாவுக்கு அந்த முதல் பங்கு கிடைத்தது. இரண்டாவதைக் கட்ட வேண்டிய செங்கல் குறைவாக இருந்தது, இருந்ததிலும் பெரும்பகுதியை எத்தியோப்பியாவிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறினோம்.

சாத்திய கதவைத் திறந்தவர்கள்

காப்பியின் வரலாற்றில் நம்பிக்கை தரும் இடங்கள் எல்லாமே, சாத்திய அந்தக் கதவு எப்படியோ திறந்த இடங்கள்தான். 1920களில் திமோர் தீவின் ஓர் அரபிகாத் தோட்டத்தில் துரு பிடிக்காத ஒரு செடி நின்றது. ரொபஸ்டாவின் மகரந்தம் குரோமோசோம் குறையாமல் வந்து சேர்ந்து, மலடாகாத நான்மடியமாகப் பிறந்த கலப்பு அது. கேட்டிமோர் உள்ளிட்ட பல ரகங்களுக்கும், 2007இல் நம் காப்பி வாரியம் வெளியிட்ட சந்திரகிரிக்கும் துரு எதிர்ப்பு அந்தச் செடியின் வழி வந்தது. கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எஸ்.795, நம் மலைகளில் தலைமுறை தலைமுறையாக நின்ற ரகம், லைபீரிக்கா என்ற இன்னோர் இருமடிய இனத்தின் ரத்தத்தைச் சுமப்பது. துரு நோயும் சும்மா இருக்கவில்லை, புதுப் புது வகைகளாக மாறி இந்த எதிர்ப்புகளையும் உடைத்துவருகிறது. எஸ்.795 இன்று பழையபடி தாங்குவதில்லை.

இதைத் திட்டமிட்டுச் செய்து காட்டிய ஊர் கோயம்புத்தூர். 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கடராமனும், கனமான தோட்டக் கரும்பைக் காட்டுக் கரும்போடு கலந்தார்கள். தாய் தன் 80 குரோமோசோமையும் அப்படியே கொடுத்தது, காட்டுத் தகப்பன் தன் 64இல் பாதியாக 32 கொடுத்தது, 112 குரோமோசோமோடு கோ 205 பிறந்தது. 1918இல் அது பஞ்சாப் வயல்களுக்குப் போனது. வடக்கின் குளிரையும் வறட்சியையும் தோட்டக் கரும்பு தாங்காத இடத்தில் அது தாங்கியது. 1930களில் அங்கே வேலை பார்த்த ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி, எந்தக் கலப்பில் எது எவ்வளவு வருகிறது என்று ஆராய்ந்தார். கரும்பும் பன்மடியம்தான், அரபிகாவும் பன்மடியம்தான். ஒன்றைக் காட்டு உறவோடு தொடர்ந்து கலந்துகொண்டே வந்தோம், மற்றதைப் பெரும்பாலும் அப்படியே விட்டோம்.

அரபிகாவுக்கு இப்போது இரண்டு வேலைகள் அவசரம் என்று நினைக்கிறேன். ஒன்று, எத்தியோப்பியக் காடுகளில் இன்னும் நிற்கும் காட்டு அரபிகா. 1964இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் குழு போய்ச் சேகரித்த விதைகளின் வாரிசுகள் கோஸ்டாரிகாவின் துர்ரியால்பாவில் உயிருள்ள மரங்களாக இருக்கின்றன. அவற்றை நம் ரகங்களோடு கலக்கும் வேலை இன்னும் பல மடங்கு நடக்க வேண்டும். மற்றது, எனக்கு அதிக ஆசை உள்ளது: அந்தப் பழைய கலப்பையே மறுபடி செய்வது. ஒரே ஒரு ஜோடியை வைத்து இல்லை. உகாண்டாவின் யூஜினியாய்டிஸ், தான்சானியாவின் யூஜினியாய்டிஸ், கினியின் கானிஃபோரா, காங்கோவின் கானிஃபோரா என்று வெவ்வேறு இடத்து மரங்களைச் சேர்த்து, குரோமோசோமை இரட்டித்து, பல அரபிகாக்களைப் பிறக்கவைத்து, இருக்கிற அரபிகாவோடு கலப்பது. குரோமோசோமை இரட்டிக்கக் கொல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. 1960களிலேயே ஐவரி கோஸ்டில் அதை வைத்து ரொபஸ்டாவை நான்மடியமாக்கி அரபிகாவோடு கலந்து அரபுஸ்டா என்ற செடியை உண்டாக்கினார்கள். காய்ப்பு சீராக இல்லாமல் அது தோட்டங்களைப் பிடிக்கவில்லை. காப்பி பூத்துக் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும், ஒரு ரகம் நிலைபெற இருபது வருடத்துக்கு மேல் ஆகும், இடையில் யூஜினியாய்டிஸ் வளரும் மேட்டுநிலக் காடுகள் வெட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன. விதையைச் சேகரிக்கும் வேலையையாவது அதற்கு முன்னால் செய்துவிட வேண்டும்.